ஆண்களுக்கான மார்பு குறைப்பு சர்ஜரி: எப்போ பண்ணலாம், எவ்வளவு சேர்க்கணும், எத்தனை நாள் லீவு வேணும்?

டைட் டி-ஷர்ட் போட மாட்டீங்க. ஸ்விம்மிங் பூல் பக்கம் போக மாட்டீங்க. ஆபீஸ் டிரிப்ல எல்லாரும் அருவியில குளிக்கும்போது "எனக்குச் சளி"ன்னு சொல்லிட்டு பை பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. இது உங்க கதைன்னா, முதல் சம்பளம் வந்த அன்னைக்கே "இதைச் சரி பண்ணிடணும்"னு ஒரு நினைப்பு வந்திருக்கும். அப்புறம் மொபைல்ல தேடினா "ஒரே நாளில் தீர்வு, இந்த வாரம் மட்டும் சலுகை, ஜீரோ டவுன் பேமென்ட்"னு விளம்பரமா வந்து விழும்.

சர்ஜரி பண்ணலாமா வேண்டாமாங்கிறதை நீங்களும் டாக்டரும் சேர்ந்து முடிவு பண்ணணும். பண்ணுறதுன்னு முடிவு எடுத்துட்டா, எப்போ பண்ணணும், எந்தப் பணத்துல பண்ணணும், எத்தனை நாள் ஒதுக்கணும்ங்கிறதை இந்தப் பதிவுல பார்ப்போம்.

முதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க. நோய் எதுவும் இல்லைன்னு டாக்டர் உறுதி பண்ணிட்டார்னா, இது அவசர ஆபரேஷன் கிடையாது. ஆறு மாசமோ ஒரு வருஷமோ தள்ளிப் போட்டா உயிருக்கு ஒண்ணும் ஆகாது. அப்பெண்டிக்ஸ் வலிக்கு நாள் பார்க்க முடியாது, இதுக்குப் பார்க்கலாம். "ஆஃபர் ஞாயிற்றுக்கிழமையோட முடியுது"ன்னு யாராவது அவசரப்படுத்தினா, உங்க கையில இருக்கிற அந்த வசதியைத்தான் பறிக்கிறாங்கன்னு அர்த்தம்.

1. உடம்புக் கணக்கு: இப்போ பண்ணுற நேரமா?

இதுக்கு மருத்துவத்துல பேரு கைனகோமாஸ்டியா. ஆண்களோட மார்புல இருக்கிற சுரப்பித் திசு பெருசாகிறது. வெறும் கொழுப்பு மட்டும் சேர்ந்திருந்தா அதைப் போலி கைனகோமாஸ்டியான்னு சொல்வாங்க. பல பேருக்கு ரெண்டும் கலந்தே இருக்கும். இந்த வித்தியாசம் பாக்கெட்டுக்கும் முக்கியம். கொழுப்பு மட்டும்னா உடல் எடை குறைச்சாலே பெரும்பகுதி சரியாகலாம். சுரப்பித் திசு எத்தனை புஷ்-அப் எடுத்தாலும் கரையாது.

தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க:

• வயசு. டீன் ஏஜ்ல வர்றது பெரும்பாலும் ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள தானா குறைஞ்சிடும். அதனாலதான் வளர்ச்சி முடிஞ்சு, அளவு மாறாம நிக்கிற வரைக்கும் டாக்டர்கள் காத்திருக்கச் சொல்றாங்க. நீங்க 23, 24 வயசுல இருந்து, பல வருஷமா அப்படியே இருக்குன்னா இந்தக் கட்டத்தைத் தாண்டியாச்சு.

• காரணம். சில மாத்திரைகளாலயும் இது வரும். ஸ்பைரனோலாக்டோன், ரிஸ்பெரிடோன், முடி கொட்டுறதுக்கு எடுக்கிற ஃபினாஸ்டரைட், ஜிம்ல சிலர் போடுற அனபாலிக் ஸ்டீராய்டு ஊசி எல்லாம் இந்த லிஸ்ட்ல இருக்கு. அதுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. எழுதினவர்கிட்டயே பேசுங்க. தைராய்டு, கல்லீரல், ஹார்மோன் பிரச்சினையாலயும் வரலாம். காரணத்தைச் சரி பண்ணாம ஆபரேஷன் மட்டும் பண்ணினா திரும்ப வர வாய்ப்பு இருக்கு. அப்போ ஒரே செலவு ரெண்டு தடவை!

• எவ்வளவு புதுசு. சமீபத்துலதான் வந்து, தொட்டா வலிக்குதுன்னா, மருந்துலயே குறையுற கட்டமா இருக்கலாம். ஒரு வருஷத்துக்கு மேல ஆனா திசு இறுகிடும், மருந்து பெருசா வேலை செய்யாது.

• எடை. இன்னும் பத்து கிலோ குறைக்கிற பிளான் இருந்தா அதை முதல்ல முடிங்க. எடை மூணு மாசமாவது ஒரே அளவுல நிக்கட்டும். ஆபரேஷனுக்கு அப்புறம் எடை ரொம்ப ஏறினாலும் இறங்கினாலும் வடிவம் மாறிடும்.

• புகை. சிகரெட், வேப் இருந்தா ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் குறைஞ்சது நாலு வாரமாவது நிறுத்தச் சொல்வாங்க. நிக்கோட்டின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், புண் ஆறாது.

ஒரே பக்கம் மட்டும் கெட்டியான கட்டி, காம்புல இருந்து கசிவு, அக்குள்ல கட்டி, விதையில கட்டி, இதுல எது இருந்தாலும் மேல சொன்ன "காத்திருக்கலாம்" உங்களுக்குப் பொருந்தாது. இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வர்றது அபூர்வம், ஆனா வராதுன்னு இல்லை.

முதல் செலவு கிளினிக் அட்வான்ஸ் கிடையாது. ஒரு ஜெனரல் பிசிஷியன் அல்லது ஹார்மோன் டாக்டர்கிட்ட ஒரு கன்சல்டேஷன், அவர் எழுதுற ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டா ஸ்கேன். இந்தச் சில ஆயிரம் ரூபாய், பின்னாடி ஒரு லட்சத்தை வீணாக்காம காப்பாத்தும்.

2. பணக் கணக்கு: இன்சூரன்ஸ் கொடுக்குமா?

நேரடியா சொல்லிடுறேன். பெரும்பாலும் கொடுக்காது. ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்குகள்ல அழகு சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி ரெண்டும் இருக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புன்னா அந்த விலக்கு பொருந்தாது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க அவசியம்னு சிகிச்சை தர்ற டாக்டர் சான்று கொடுத்தாலும் பொருந்தாது. கைனகோமாஸ்டியாவை இன்சூரன்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் அழகு சிகிச்சைன்னுதான் பார்க்கிறாங்க.

அதுக்காகக் கேட்காமலே விட்டுடாதீங்க. உங்க கம்பெனி குரூப் பாலிசியோட விதிமுறை வேறயா இருக்கலாம். டாக்டர் கடிதம், ஸ்கேன் ரிப்போர்ட்டோட டிபிஏவுக்கு மெயில் போட்டு, ஆபரேஷனுக்கு முன்னாடியே பதிலை எழுத்துல வாங்குங்க. "கிடைச்சிடும் சார்"னு கிளினிக் கவுன்ட்டர்ல சொல்றதை நம்பி அட்மிட் ஆகாதீங்க. மறுத்தா கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவு, அதுக்கு மேல இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்னு வழி இருக்கு.

இன்னொண்ணு. "பேப்பர்ல வேற நோய் எழுதி கிளெய்ம் வாங்கித் தர்றோம்"னு யாராவது சொன்னா, எழுந்து வந்துடுங்க. அது மோசடி. மாட்டினா கிளெய்ம் மட்டுமா போகும்? பாலிசியே ரத்தாகலாம். நாளைக்கு உண்மையிலேயே பெரிய நோய் வந்தா கையில ஒண்ணும் இருக்காது. அதே மாதிரி, ஆபரேஷனுக்கு அப்புறம் புது ஹெல்த் அல்லது டேர்ம் பாலிசி எடுத்தா, விண்ணப்பத்துல கேட்கிற இடத்துல இதை மறைக்காம எழுதுங்க.

வரிச் சலுகை உண்டான்னா, கிடையாது. ஹெல்த் இன்சூரன்ஸ் சார்ந்த வரிக் கழிவு பிரீமியத்துக்கும், குறிப்பிட்ட வரம்புக்குள்ள முன்தடுப்புப் பரிசோதனைக்கும்தான். உங்க ஆபரேஷன் பில்லுக்கு இல்லை. புது வரி முறையில இருந்தா அந்தக் கழிவும் இல்லை.

மொத்தச் செலவை எப்படிக் கூட்டுறது?

விளம்பரத்துல வர்ற தொகை ஒரு பகுதிதான். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இது உதாரணத்துக்கு மட்டும். ஊர், மருத்துவமனை, உங்க நிலையோட கிரேடு பொறுத்து தொகை மாறும்.

• கன்சல்டேஷன், பரிசோதனைகள்: ரூ.5,000
• சர்ஜரி பேக்கேஜ்: ரூ.80,000
• ஜிஎஸ்டி 18%: ரூ.14,400
• கம்ப்ரஷன் வெஸ்ட் இரண்டு: ரூ.4,000
• மருந்து, டிரெஸ்ஸிங், டாக்ஸி, கூட இருக்கிறவர் சாப்பாடு: ரூ.6,000
• மொத்தம்: ரூ.1,09,400

ஜிஎஸ்டி வரியைப் பார்த்து ஆச்சரியமா இருக்கா? மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கு. ஆனா அழகு சிகிச்சைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் அந்த விலக்கு பொருந்தாது. பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு, காயம் காரணமா சீரமைக்கிறதுக்கு மட்டும் விலக்கு கிடைக்கும். உங்க கேஸ் எதுல வருதுன்னு மருத்துவமனை பில்லிங்ல கேளுங்க. "இந்தத் தொகை ஜிஎஸ்டி உட்படவா?"ங்கிற ஒரு கேள்வியில 14,400 ரூபாய் விஷயம் இருக்கு.

கொட்டேஷன் வாங்கும்போது இதையும் எழுதி வாங்குங்க: மயக்க மருந்து டாக்டர் கட்டணம் சேர்ந்ததா? ஆபரேஷன் தியேட்டர், ரூம் வாடகை? எடுக்கிற திசுவை லேபுக்கு அனுப்புற கட்டணம்? ஃபாலோ-அப் எத்தனை தடவை? ரத்தம் கட்டி மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வந்தா யார் செலவு?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். சிக்கல் எல்லாருக்கும் வராது. ஆனா ரத்தக்கட்டு, நீர் சேர்றது, தொற்று, ரெண்டு பக்கமும் சமமா இல்லாம போறது, காம்புல உணர்வு குறையுறதுன்னு சில சாத்தியங்கள் இருக்கு. முதல் சர்ஜரியை ஏத்துக்காத இன்சூரன்ஸ், அதனால வந்த சிக்கலையும் ஏத்துக்காம போகலாம். அதனால மேல சொன்ன மொத்தத்தோட ஒரு 20,000 ரூபாய் தனியா வையுங்க. ஆக இலக்கு சுமார் ரூ.1,30,000.

சேர்த்து வெச்சா? கடன் வாங்கினா?

மாசம் 11,000 வீதம் 12 மாசம் ஆர்.டி. போட்டா ரூ.1,32,000 அசல், மேல கொஞ்சம் வட்டி. மாசம் 5,500தான் முடியும்னா ரெண்டு வருஷம். இந்தப் பணத்தை ஷேர், ஈக்விட்டி ஃபண்ட் பக்கம் கொண்டு போகாதீங்க. ஒரு வருஷத்துல தேவைப்படுற பணம் அது. மார்க்கெட் இறங்குற மாசத்துல உங்க தேதி வந்து நிக்கும்.

இப்போ கடன் பக்கம். 1,10,000 ரூபாயை 15% வட்டியில 24 மாசத்துக்கு பர்சனல் லோன் எடுத்தா, இஎம்ஐ சுமார் ரூ.5,334. வட்டி மட்டும் ஏறக்குறைய 18,000. பிராசஸிங் கட்டணம் தனி.

அதே தொகையை கிரெடிட் கார்டுல தேய்ச்சு, மினிமம் மட்டும் கட்டிட்டு வந்தீங்கன்னா? மாசம் 3.5% வட்டின்னு வெச்சுக்கிட்டா முதல் மாசமே சுமார் 3,850, அதுக்கு ஜிஎஸ்டி 693. ஒரு மாசத்துக்கு 4,543 ரூபாய். உடம்பு ஆறுறதுக்குள்ள கடன் வீங்கிடும்.

"நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "முழுசா கேஷ் கொடுத்தா எவ்வளவு?" கேஷுக்கு 80,000, இஎம்ஐக்கு 90,000ன்னு சொன்னா, அந்த 10,000தான் வட்டி. பேரை மாத்தி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்காதீங்க. வேலை போனா, அப்பாவுக்கு நெஞ்சு வலின்னா எடுக்கிறதுக்கு வெச்ச பணம் அது. தேதி குறிச்சுப் பண்ணுற ஆபரேஷனுக்கு இல்லை.

சம்பளம் குறைவு, ஒரு லட்சம் சேர்க்கவே முடியாதுன்னா, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோட பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுல ஓபி சீட்டு போட்டுப் பாருங்க. சென்னை ஸ்டான்லி மாதிரி பெரிய மருத்துவமனைகள்ல அனுபவமுள்ள துறை இருக்கு. அவசர கேஸ்களுக்கு முன்னுரிமை போறதால காத்திருக்க வேண்டி வரும். ஆனா காத்திருக்கிறதுதான் உங்களால முடியுமே.

டாக்டர் விஷயத்துல மிச்சம் பிடிக்காதீங்க. எம்.எஸ். முடிச்சு எம்.சி.ஹெச். பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது அதுக்கு இணையான டிஎன்பி/டிஆர்என்பி படிச்சவரான்னு பாருங்க. பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் பட்டியல்ல சரிபாருங்க. கன்சல்டேஷன்ல உங்களைப் பரிசோதிக்கிறவர்தான் கத்தியும் பிடிக்கப் போறாரான்னு நேரா கேளுங்க. விற்பனை ஆள் மட்டும் பேசி, அட்வான்ஸ் வாங்கினதும்தான் டாக்டரைக் காட்டுறாங்கன்னா அந்த இடம் வேண்டாம்.

3. லீவுக் கணக்கு: எத்தனை நாள்?

வழக்கமா ஒண்ணு ரெண்டு மணி நேர ஆபரேஷன். லைப்போசக்‌ஷன்ல கொழுப்பை உறிஞ்சிட்டு, காம்பைச் சுத்தின கருவட்டத்தோட ஓரத்துல சின்னதா கீறி சுரப்பியை எடுப்பாங்க. பெரும்பாலும் அன்னைக்கே, இல்லைன்னா மறுநாள் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதுக்கு அப்புறம் பொதுவா இப்படிப் போகும். உங்க டாக்டர் சொல்றதுதான் இறுதி.

• முதல் 2 நாள்: ஒருத்தர் கூடவே இருக்கணும். ரத்தம் கட்டுற அபாயம் இப்போதான் அதிகம். மல்லாக்கப் படுக்கணும், தலைப்பக்கம் கொஞ்சம் உயரமா.
• 3 முதல் 7 நாள்: வலி குறையும், வீக்கமும் கன்னிப்போன நிறமும் இருக்கும். டிரெயின் குழாய் வெச்சிருந்தா எடுப்பாங்க. லேப்டாப் வேலையை வீட்டுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா பார்க்கலாம்.
• 2-வது வாரம்: உட்கார்ந்து பார்க்கிற வேலைன்னா பெரும்பாலானவங்க ஆபீஸ் போகலாம். பைக் இன்னும் வேண்டாம்.
• 3 முதல் 4 வாரம்: நடை ஓகே. எடை தூக்குறது கூடாது.
• 6 வாரம்: வெஸ்ட்டைக் கழட்டுற கட்டம். டாக்டர் சரின்னு சொன்னா ஜிம், மெதுவா.
• 3 முதல் 6 மாசம்: வீக்கம் முழுசா வடிஞ்சு உண்மையான வடிவம் தெரியும். தழும்பு மங்க ஒரு வருஷம் கூட ஆகலாம்.

ஐடி, பேங்க், அக்கவுன்ட்ஸ் மாதிரி வேலைன்னா 5 நாள் லீவு, அடுத்த 5 நாள் வொர்க் ஃப்ரம் ஹோம்னு பிளான் பண்ணுங்க. டெலிவரி, கிடங்கு, ஃபீல்டு சேல்ஸ், ஷாப் ஃப்ளோர்னா நாலுல இருந்து ஆறு வாரம் வரைக்கும் லைட் வேலை கேட்க வேண்டி வரும். லீவு போதாம சம்பளம் பிடிச்சாங்கன்னா, அதுவும் ஆபரேஷன் செலவுதான். இலக்குத் தொகையில அதையும் சேருங்க.

எந்தக் கிழமை? வெள்ளிக்கிழமை சாயங்காலம் பண்ணினா வார இறுதி மிச்சம்னு தோணும். ஆனா முதல் 48 மணி நேரம் சனி, ஞாயிறுல விழும். அந்த ரெண்டு நாளும் சர்ஜன் கிடைப்பாரா? 24 மணி நேரமும் ஆள் இருக்கிற மருத்துவமனைன்னா சரி. இல்லைன்னா புதன் நல்லது. வியாழன், வெள்ளி டாக்டர் பக்கத்துல இருப்பார், சனி ஞாயிறு உங்க லீவுல சேராது.

எந்த மாசம்? வெஸ்ட்டை நாலுல இருந்து ஆறு வாரம், முதல் கொஞ்ச நாள் ராத்திரி பகலா போடணும். கத்திரி வெயில்ல அதை நினைச்சுப் பாருங்க! ஐப்பசி, கார்த்திகை மழையில துவைச்சா காயாது. மார்கழியில இருந்து மாசி வரைக்கும் வசதியான காலம். பொங்கலுக்கு வீடு நிறைய சொந்தக்காரங்க வந்தா ஓய்வு கிடைக்காதுங்கிறதை மட்டும் பார்த்துக்கோங்க. கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தா முகூர்த்தத்துக்குக் குறைஞ்சது மூணு மாசம் முன்னாடி முடிங்க. ஆறு வாரத்துக்குள்ள சபரிமலை, ட்ரெக்கிங், வீடு மாத்துறது எதுவும் வைக்காதீங்க.

வேலை மாறப் போறீங்களா? நோட்டீஸ் பீரியட்ல நீண்ட லீவு எடுத்தா கடைசி நாளைத் தள்ளிப் போடுவாங்க. புது கம்பெனி புரொபேஷன்ல லீவு கம்மி. ரெண்டு வேலைக்கும் நடுவுல மூணு வாரம் கிடைச்சா நல்ல இடைவெளிதான். ஆனா பழைய கம்பெனியோட குரூப் இன்சூரன்ஸ் கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி இல்லாம அந்த இடைவெளியில எதுவும் பண்ணாதீங்க.

ஆபீஸ்ல என்ன சொல்றது? "ஒரு சின்ன ஆபரேஷன், இத்தனை நாள் ஓய்வு"ன்னா போதும். என்ன ஆபரேஷன்னு மேனேஜர்கிட்ட விளக்கணும்னு அவசியம் இல்லை. மெடிக்கல் சர்டிஃபிகேட்ல "அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓய்வு தேவை"ன்னு பொதுவா எழுதித் தர முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பொய்க் காரணம் சொல்லாதீங்க. விவரம் சொல்லாம இருக்கிறது வேற, பொய் சொல்றது வேற.

ரூமை முன்னாடியே தயார் பண்ணுங்க

ரெண்டு மூணு வாரம் கையைத் தோளுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு சொல்வாங்க. அது நம்ம வாழ்க்கையில எங்கெல்லாம் இடிக்கும்னு பாருங்க. பிஜியில மேல் பெர்த் கட்டில்னா கீழ மாத்திக்கோங்க. 20 லிட்டர் தண்ணி கேனை யாராவது தூக்கி வெக்கணும். பக்கெட் தூக்காம குளிக்க ஏற்பாடு வேணும். டி-ஷர்ட்டுக்குப் பதிலா முன்பக்கம் பட்டன் வெச்ச லூஸ் சட்டை நாலு. டவுன் பஸ்ல மேல கம்பியைப் பிடிச்சு நிக்க முடியாது, அதனால ரெண்டு வாரத்துக்கு ஆட்டோ, டாக்ஸி பட்ஜெட். தோள்ல லேப்டாப் பேக் வேண்டாம். வெளியூர்ல பண்ணினா முதல் டிரெஸ்ஸிங் முடியுற வரைக்கும் அந்த ஊரிலேயே தங்குங்க. மறுநாளே நைட் பஸ் ஏறாதீங்க.

"வீட்டுக்குத் தெரியாம பண்ணலாமா?"

நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. 18 வயசு முடிஞ்சவங்க சம்மதம் உங்களோடதுதான். ஆனா ஒருத்தருக்காவது கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். அண்ணனோ, அக்காவோ, ரூம்மேட்டோ. ஒரு பக்கம் திடீர்னு வீங்கி இறுகினா, துணி நனையுற அளவு ரத்தம் வந்தா, காய்ச்சல் அடிச்சா, கெண்டைக்கால் வீங்கினா, மூச்சு வாங்கினா, ராத்திரி ரெண்டு மணிக்கும் உங்களைக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும். அந்த ஒரு ஆளைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் தேதி குறிக்காதீங்க. இது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை. உங்க வயசுல நிறைய ஆண்களுக்கு இருக்கு, பேசுறது இல்லை, அவ்வளவுதான்.

தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி கடைசி செக்லிஸ்ட்

1. பிசிஷியன் அல்லது ஹார்மோன் டாக்டர் பார்த்து, பரிசோதனை முடிஞ்சதா?
2. எடை மூணு மாசமா ஒரே அளவா? புகை நிறுத்தியாச்சா?
3. ரெண்டு சர்ஜன்கிட்டயாவது கருத்து கேட்டாச்சா?
4. கொட்டேஷன் ஜிஎஸ்டியோட எழுத்துல இருக்கா?
5. இன்சூரன்ஸ் பதில் மெயில்ல வந்ததா?
6. மொத்தத் தொகையும், மேல 20,000மும் எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாம தனியா இருக்கா?
7. லீவு அப்ரூவ் ஆச்சா? கூட இருக்க ஆள் ரெடியா?

ஏழுக்கும் "ஆமா"ன்னா தைரியமா தேதி குறிங்க. ரெண்டு மூணுக்கு "இல்லை"ன்னா, இந்த மாசச் சம்பளம் வந்ததும் ஆர்.டி.யை ஆரம்பிங்க, முதல் கன்சல்டேஷனுக்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்க. அதுக்கு ஒரு லட்சம் தேவையில்லை.

*இந்தப் பதிவு பொதுவான தகவலுக்கு மட்டும். மருத்துவ முடிவுகளை உங்க டாக்டர்கிட்டயும், பாலிசி விவரங்களை உங்க பாலிசி ஆவணத்துலயும் சரிபார்த்துக்கோங்க.*

ஆர்.டி., ஷார்ட் டேர்ம் சேமிப்பு பத்தின கணக்குகளை நம்ம சேனல் வீடியோக்கள்ல விரிவா பேசியிருக்கோம், பாருங்க. இதைச் சொல்ல கூச்சப்பட்டுக்கிட்டு லோன் ஆப்பைத் திறந்து வெச்சிருக்கிற நண்பர் யாராவது இருந்தா, அவருக்குத் தனியா அனுப்புங்க. குரூப்ல போடாதீங்க.